உள்பக்கம் திருப்பிய கோளாம்பிகள்

திங்கள்சந்தையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் என் வலது காது கேட்கவில்லை என்பது தெரிந்தது. பின்னால் வந்த பேருந்தின் ஹாரன் இடது காதில் மட்டும் விழுந்தது. வண்டி இடப்பக்கம் வருகிறது என்று நினைத்து வலப்பக்கம் ஒதுங்கி நேராக அதன் முன்னால் போய் நின்றேன். ஓட்டுநர் பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டினார்.

“சாவணும்னா கடல்ல போய்ச் சாவுலே. நேரா போனா ஆறு மைலு.”

நான் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். சாகிற எண்ணம் ஒன்றும் இல்லை. முட்டத்தில் ஐஸ் கம்பெனி இருக்கிறது, அங்கே எப்போதும் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு லுங்கி, இரண்டு சட்டை, ஒரு டெஸ்டர், மரம் ஏறும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் கயிறு. சட்டைப்பையில் ஒரு கருகிய டயாபிரம். உள்ளங்கைக்குள் அடங்குகிற தகடு, அதன் நடுவில் மெல்லிய கம்பிச்சுருள். ஒலிபெருக்கியின் சத்தம் முழுவதும் அதன் துடிப்பில்தான் இருக்கிறது. அன்று மதியம் அதை நான் எரித்துவிட்டேன். அதனால்தான் மாசி வெயிலில் மூன்றரை மணிக்குத் தார்ச்சாலையில் நடக்க வேண்டி வந்தது.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கடல் ஊருக்குள் ஏறிய வருடம் ஒரு கல் குவாரியில் கிரஷர் மிஷினுக்குக் கல் தள்ளிக்கொண்டிருந்தேன். பிறகு பாலராமபுரத்தில் ஒரு தேநீர்க்கடை. அதன் பிறகு, எர்ணாகுளத்தில் ஓட்டல் வேலை இருக்கிறது என்று ஒருவன் அழைத்துப்போனான். போய்ப் பார்த்தால் இறால் உரிக்கும் கொட்டகை. அங்கே ஆறு மாதம் விரல் தோல் உரிய உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து ‘வா’ என்று சொல்கிற யாரையும் நான் நம்புவதில்லை. கடைசியில் இரணியல் பக்கத்தில் ஒரு மைக்செட் முதலாளியிடம் சேர்ந்தேன். அங்கே மூன்று வருடம் இருந்தேன். எனக்கு அது பெரிய காலம்.

மைக்செட் தொழிலில் மரம் ஏறுகிறவன் ஒருவன், ஆம்ப்ளிபயர் முன்னால் உட்காருகிறவன் ஒருவன். கோயில் கொடையோ, நாங்கள் பள்ளி என்று சொல்லும் சர்ச்சின் திருவிழாவோ, தென்னையில் ஏறிக் கோளாம்பியைக் கட்டி, வயரை இழுத்துவிட்டு இறங்குகிறவனைப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாய் அகன்ற குழாய் ஒலிபெருக்கியை எங்கள் பக்கம் கோளாம்பி என்பார்கள். ஆம்ப்ளிபயர் முன்னால் இருப்பவனுக்கு நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, பெயர்கூட உண்டு: ஆப்பரேட்டர். அவனிடம் கமிட்டித் தலைவர் வந்து குனிந்து பேசுவார். மூன்று வருடம் நான் ஏறுகிறவனாக இருந்தேன். அந்த மாசியில் முதலாளி சொன்னார்:

“வாற பங்குனியில இருந்து நீ இரி. ஆனா ஒரு யூனிட்டு போச்சுன்னா நீயும் போனே. கேட்டியா?”

யூனிட் என்றால் கோளாம்பியின் பின்னால் திருகுகிற உருண்டை, டயாபிரம் இருக்கும் இடம். அது போகாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஆம்ப்ளிபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகில், பாதி அளவில், மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி. அதைத் தாண்டக் கூடாது. இன்னொரு விதி, மைக் கூவக் கூடாது. மைக்கைக் கோளாம்பிக்கு நேராகப் பிடித்தால் ‘கூய்’ என்று காதைக் குத்துகிற ஒரு சத்தம் வருமே, அதைத்தான் கூவல் என்போம். கூவ விடுகிறவன் தொழில் தெரியாதவன். பிரசங்கத்தின் நடுவில் ஒரு கூவல் வந்தால் கூட்டம் முழுவதும் ஆப்பரேட்டரைத் திரும்பிப் பார்க்கும். வாக்குக் கேட்கிறவன், வில்லுப்பாட்டுக்காரன், பாதிரியார் எல்லோரும் முறைப்பார்கள். கூவலைக் கொல்வதுதான் அந்த நாற்காலிக்கு உரிய வேலை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது ஒரே ஒரு நாள்.

அந்த மூன்று பேரும் ஒரு காலையில் கடைக்கு வந்தார்கள். கித்தார் பெட்டி சுமந்த ஒல்லியான இளைஞன் ஒருவன். தக்கலைப் பக்கத்தான், பெங்களூரில் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் இருப்பவன். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஒரு பெண். மூன்றாவது ஆள் முட்டத்துக்காரன், அகன்ற தோள், கப்பல் வேலையிலிருந்து வந்தவன். அவன் மடியில் இரண்டு குச்சிகள்.

முதலாளி வழக்கம்போலக் கேட்டார். “கல்யாணமா, பாலுகாய்ச்சா?”

“பாட்டாக்கும்,” என்றான் ஒல்லியன்.

“என்ன பாட்டு?”

“எங்க பாட்டு.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு ஒல்லியன் உள்ளே போய்க் கோளாம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தான். மூலையில் விளிம்பு விரிசல் விட்டுக் கரகரவென்று இரைகிற ஒன்று கிடந்தது. மரண அறிவிப்புக்குக்கூட நாங்கள் அதை எடுப்பதில்லை. அவன் அதைத் தூக்கிக்கொண்டு, “இதுவும் வேணும்,” என்றான். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. சந்தையில் செவுள் வெளுத்த மீனாகப் பார்த்துப் பொறுக்குகிறவனை என்னவென்று நினைப்பது? அவன் போன பிறகு முதலாளி மெல்லச் சொன்னார்: “நீயே போ. ஆப்பரேட்டரா இரி. கண்ணு முழுசும் சாமான் மேல இருக்கட்டு.”

முதல் வாய்ப்பு. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவர்கள் இடம் பிடித்திருந்தது பூட்டிக் கிடந்த ஓர் அண்டி ஆபீசில். முந்திரி உடைக்கும் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தகரக் கூரை, நீளமான கொட்டகை, தரை முழுவதும் முந்திரி ஓட்டிலிருந்து கசிந்த பழைய எண்ணெயின் கறுப்பு. காலை பத்து மணிக்கு நான் கோளாம்பிகளோடு போய், வழக்கம்போல வெளியே நின்ற தென்னைகளைப் பார்த்தேன். ஒல்லியன் தலையாட்டினான்.

“வெளிய வேண்டாம் அண்ணே. நாலும் உள்ள. நாலும் உள்பக்கம் பாத்து.”

“உள்ள ஆரு இருக்கா கேக்கதுக்கு?”

“நாங்கதான்.”

அப்போது என் சந்தேகம் முழுதாகிவிட்டது. கோளாம்பி என்று ஒன்று இருப்பதே ஊரைக் கூப்பிடுவதற்குத்தான். ஒன்றைக் கிழக்கே திருப்பினால் ஒன்றை மேற்கே திருப்புவோம். பக்கத்து ஊர்க்காரனுக்கு எரிச்சலூட்டவே ஒன்றை அவன் ஊரைப் பார்த்துக் கட்டச் சொல்கிற கமிட்டிகள் உண்டு. நாலையும் தன்னைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்கிறவனை நான் பார்த்ததே இல்லை. இவர்கள் பாட வரவில்லை, யூனிட்டை எரிக்க வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ஜங்ஷனில் எங்களுக்கு எதிரியான இன்னொரு மைக்செட்காரர் இருந்தார். முந்தின வருடம் ஒரு கொடையில் எங்கள் வயர் ஷார்ட் ஆகும்படி யாரோ குண்டூசி குத்தி வைத்திருந்தார்கள். சீசன் தொடங்குமுன் நாலு யூனிட்டைக் கருக்கிவிட்டால் பங்குனி முழுவதும் அவர் காட்டில் மழை. அதற்கு இப்படி மூன்று பேரைத் தயார் செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை.

அதனால் அவர்களுடைய பைகளை, அவர்கள் தண்ணீர் குடிக்கப் போனபோது, திறந்து பார்த்தேன். குண்டூசி இல்லை. காலால் மிதிக்கிற இரண்டு சிறிய இரும்புப் பெட்டிகள், வயர்கள், ஒரு பொட்டலம் உப்பேரி, நேந்திரங்காய் வறுவல். நான் மூடுவதற்குள் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

“உப்பேரி வேணுமா அண்ணே?” என்றாள்.

எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் நம்பவில்லை.

தொடங்கினார்கள். முட்டத்துக்காரன் ஒரு பழைய டிரம்மோடு, கொட்டகையில் கிடந்த வறுக்கிற இரும்புப் பீப்பாய் ஒன்றையும் உருட்டி நிறுத்தி அடித்தான். ஒல்லியன் கித்தாரை வாசித்தான் என்று சொல்ல முடியாது. தேய்த்தான். காலடியில் இருந்த இரும்புப் பெட்டியை மிதித்துச் சத்தத்தைக் கரகரப்பாக்கிவிட்டு, கித்தாரை விரிசல் விழுந்த கோளாம்பிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கூவியது. என் கை தானாகத் திருகுக்குப் போய் இறக்கிவிட்டது. அவன் நிறுத்தினான்.

“அண்ணே, இறக்காதீங்க.”

“கூவுது.”

“கூவணும்.”

“தம்பி, இது கூவினா யூனிட்டு கருவும். யூனிட்டு கருவினா எனக்கு வேலை போவும்.”

நான் திருகின் சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். “சிவப்புப் புள்ளிக்குக் கீழேயே இருக்கட்டும். ஆனா கூவ விடுங்க.” நான் ஒப்புக்கொண்டேன், கையைத் திருகிலிருந்து எடுக்காமல்.

அடுத்த ஒரு மணி நேரம் நடந்ததை எப்படிச் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. தகரக் கூரை அதிர்ந்து துரு தூள்தூளாக எங்கள் தலையில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. அதுதான் ஆச்சரியம். கிரஷரில் கல் விழுந்து உடையும்போது இப்படித்தான் இருக்கும். குவாரியில் இரண்டு வருடம் அதன் வாயருகே நின்றிருக்கிறேன். அங்கே நான் நின்றது ஒருவன் நிற்கச் சொன்னதால். இவர்கள் தாங்களாக வந்து, வாடகை கொடுத்து, அதன் நடுவில் நிற்கிறார்கள். இடையிடையே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள்.

ஓய்வில் ஒல்லியனிடம் கேட்டேன். “உனக்கு ஆருமேல இவ்வளவு கோவம்?”

“கோவம் ஒண்ணும் இல்லண்ணே.”

“பொறவு?”

“நல்லா இருக்கு. அதான்.”

இந்தப் பதில் என்னை இன்னும் சந்தேகப்பட வைத்தது. கோபம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். குடித்திருந்தாலும் விட்டிருப்பேன். உப்பேரி தின்றுகொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவனை எந்தக் கணக்கில் வைப்பது?

அந்தப் பெண் மதியத்துக்கு மேல்தான் மைக்கைப் பிடித்தாள். பாடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்தினாள். முதலில் என்ன என்று புரியவில்லை. பிறகு அவள் பார்வை போன பக்கம் பார்த்தேன். சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தது, பாதி உதிர்ந்த எழுத்து: ‘வேலை நேரத்தில் பேசக் கூடாது.’ அதைத்தான் கத்திக்கொண்டிருந்தாள். நூறு தடவையாவது இருக்கும். கத்தக் கத்த வார்த்தை போய் வெறும் தொண்டை மட்டும் வந்தது.

என் அம்மாவும் அண்டி உடைக்கப் போனவள்தான், வேறோர் ஆபீசில். விரல் நுனிகள் கருத்து வெந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் சாம்பல் தேய்த்துக் கை கழுவி முடிக்கிறவரை எங்களிடம் ஒரு சொல் பேசமாட்டாள். அது அலுப்பு என்று நினைத்திருந்தேன். பழக்கமாகவும் இருந்திருக்கலாம்.

அப்போது பார்த்தேன், என் விரல் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்புப் புள்ளி வரைக்கும் கொண்டுவந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. ஆப்பரேட்டர் நாற்காலி தலைக்கு ஏறிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு இறக்கினேன்.

கதவை யாரோ தட்டினார்கள். எவ்வளவு நேரமாகத் தட்டினார்கள் என்று தெரியாது. திறந்தால் வெளியே முப்பது பேர் நின்றார்கள். முன்னால் அந்த ஊர்க் கோயில் கமிட்டிக்காரர், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். சற்றுத் தள்ளி, அவரோடு வந்ததாகத் தெரியக் கூடாது என்பதுபோல, பள்ளிக் கமிட்டிப் பெரியவர், கையில் குடை. இருவருக்கும் நான் மரம் ஏறியிருக்கிறேன்.

“எந்தச் சபையாக்கும் இது?” என்றார் கோயில்காரர்.

“சபை இல்லண்ணே. பேண்டு,” என்றான் ஒல்லியன்.

“என்ன பேண்டு? கல்யாண பேண்டா?”

“அப்படி இல்ல…”

“பட்டப்பகல்ல கதவச் சாத்திட்டு அலறுகிய. கேட்டா சபை இல்லேங்கிய. ஜெபக்கூடம் தொடங்கணும்னா ஊருல சொல்லணுமா வேண்டாமா? பெர்மிஷன் வாங்கியாச்சா?”

பள்ளிப் பெரியவர் குடையைத் தரையில் ஊன்றினார். “எங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கேட்டியளா. எங்க ஆளுவ இப்பிடி ஜெபிக்கதில்ல. இது எங்கயோ உள்ள புதுக் கூட்டம். எங்க ஆடுவளத் திருடுகதுக்கு வந்திருக்கு.”

அந்தச் சத்தம் இரண்டு பேர் காதிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது. எங்கள் ஊரில் மூடிய கட்டடத்துக்குள்ளிருந்து கோளாம்பி ஒலித்தால் யாரோ யாரையோ தங்கள் பக்கம் கூப்பிடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். அன்று காலை நானும் இவர்களுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கோயில்காரர் என்னைக் கண்டுகொண்டார். “லேய், மரம் ஏறுகவனே. நீ நம்ம ஆளு. நீ சொல்லு. இவிய ஆரையாக்கும் விளிக்காவ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் யாரோ முதலாளிக்குப் போன் போட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

“ஒருத்தரையும் விளிக்கல்ல அண்ணாச்சி. மைக்கு கூவுது. அவ்வளவுதான்.”

“கூவினா நிறுத்த மாட்டியா? நீ எதுக்கு இருக்க?”

“கூவ வைக்கதுக்குத்தான் வாடகைக்கு எடுத்திருக்காவ.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “எங்க கொடைக்கு உன் முதலாளி இத சும்மாவே செஞ்சு தந்தாரேடே!”

சிரிப்பு எழுந்தது. பள்ளிப் பெரியவர்கூட மீசைக்குள் சிரித்தார். ஆனால் கோயில்காரர் விடவில்லை. “அப்பம் அந்தப் பிள்ள என்ன சொல்லி அலறுகு? பிசாசு ஓட்டுகாளா?”

அந்தப் பெண் சுவரைக் காட்டினாள்.

நைட்டிக்கு மேல் தோர்த்துத் துண்டு போட்டிருந்த ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சுவரருகே நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“இது இன்னும் கெடக்கா! இதுக்குக் கீழயாக்கும் நான் பதினெட்டு வருசம் குத்த வச்சிருந்தது. ஒரு வார்த்தை பேசினா வெளிய நிறுத்திருவாவ.” திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். “நீ இதையா மக்கா கத்தின?”

“ஆமா அம்மா.”

“குடு இஞ்ச.”

மைக்கை வாங்கினாள். வாயருகே வைத்ததும் வெட்கம் வந்துவிட்டது. தோர்த்தால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, “வேலை நேரத்தில் பேசக் கூடாது,” என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

“கேக்கல்ல!” என்றார்கள் வெளியே. இன்னொரு பெண் கூவினாள்: “ஏட்டி, வீட்டுல மாப்பிளைகிட்டக் கத்துகது இங்க வரல்லியா?”

அவள் மறுபடியும் சொன்னாள். கொஞ்சம் கூடுதலாக. மூன்றாவது தடவை தோர்த்து முகத்திலிருந்து இறங்கியது. முட்டத்துக்காரன் பீப்பாயை மெல்லத் தட்டத் தொடங்கினான். அந்த நேரத்தில் முதலாளியின் வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் கூட்டத்தின் தலைகளுக்கு மேல் கையை உயர்த்தி ஏதோ கத்தினார். சத்தம் எனக்கு வரவில்லை. ஆனால் அவருடைய வாயசைவு தெரிந்தது. “கூட்டாதலே!”

நான் கூட்டினேன். சிவப்புப் புள்ளியைத் தாண்டித் திருகு முடிகிற இடம்வரை.

அவள் நான்காவது தடவை கத்தியது வார்த்தையாக வரவில்லை. ஒல்லியன் பெட்டியை மிதித்தான். நாலு கோளாம்பியும் ஒன்றாகக் கூவின. மூன்று வருடமாக நாங்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த அந்தச் சத்தம் முழு அளவில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். கூரை, தரை, என் பல், நாற்காலியின் கால் எல்லாம் ஒரே சத்தத்தில் நின்றன. நாலைந்து விநாடி இருக்கும். என் வலது காதுக்கு ஒரு முழம் தள்ளி இருந்த, விரிசல் விழுந்த கோளாம்பியில் ‘டப்’ என்று ஒன்று கேட்டது. பிறகு கருகிய வாடை.

அந்த அம்மா மைக்கை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, “தொண்ட காஞ்சு போச்சு,” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வெளியே போனாள். கோயில்காரர் பள்ளிப் பெரியவரைப் பார்த்து, அந்த நாளில் முதல்முறையாக, நேராகப் பேசினார்.

“வட்டாக்கும். விட்டுருவோம்.”

“அது செரிதான்,” என்றார் பெரியவர்.

வட்டு என்றால் பைத்தியம். பைத்தியத்துக்கு எந்தச் சபையும் கிடையாது. கூட்டம் கலைந்தது.

முதலாளி கத்தவில்லை. கோளாம்பியைக் கழற்றி, யூனிட்டைத் திறந்து, கருகிய டயாபிரத்தை வெளியே எடுத்து என் கையில் வைத்தார்.

“ஜங்ஷன்காரன் எப்பம் இருந்து உன்ன வச்சிருக்கான்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் நான் அந்த மூன்று பேரைப் பற்றி நினைத்த அதே நினைப்பு. “ஆரும் வைக்கல்ல,” என்றேன்.

“பொறவு எதுக்கு கூட்டின? நான் சொன்னது காதுல விழல்லியா?”

“விழல்ல. கண்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். “கண்டுட்டா கூட்டின? செரி. பையை எடுத்துக்க.” நான் தங்கியிருந்ததும் அவருடைய கடைக்குப் பின்னால்தான். அதனால் அது ஐந்து நிமிட வேலை.

அம்மாண்டிவிளை தாண்டியபோது ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து மெதுவாகியது. இடப்பக்கம் வந்ததால் கேட்டது. ஒல்லியன்.

“ஏறுங்கண்ணே.”

“வேண்டாம். நடந்துக்கிடுதேன்.”

அவன் வண்டியை அணைத்துவிட்டு என்னோடு தள்ளிக்கொண்டே நடந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டான். “ஏன் கூட்டினீங்க?”

“கை தட்டிப்போச்சு.”

“பொய்.”

அந்த அம்மாவுக்காகக் கூட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாகவும் இருந்திருக்கும். அதையும் நான் நம்பவில்லை. அவள் வருவதற்கு முன்பே என் விரல் புள்ளிவரை போய்வந்திருந்தது. அவள் ஒரு சாக்காகக் கிடைத்தாளோ என்று அன்று நடந்த வழியெல்லாம் நினைத்தேன்.

“எங்ககூட பெங்களூர் வாங்க,” என்றான் அவன். “இதுவரைக்கும் எங்களுக்காக ஒருத்தரும் சத்தத்தக் கூட்டினதில்ல. எல்லாரும் இறக்கச் சொல்லத்தான் செய்வாங்க.”

“அங்க எனக்கு என்ன வேலை?”

“இதுதான்.”

“எங்க கெடப்பேன்?”

“பாத்துக்கலாம்.”

எர்ணாகுளத்துக்கு அழைத்துப்போனவனும் அதைத்தான் சொன்னான். இந்தப் பையன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அந்த ஆள் முகத்திலும் இருந்ததாக நினைவில்லை. வேண்டாம் என்றேன். ஒல்லியன் வற்புறுத்தவில்லை. பையிலிருந்து மிச்ச உப்பேரிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினான். அந்த மூன்று பேரையும் அதன் பிறகு பார்க்கவில்லை. பின்னாளில் வேறு ஊர்களில், வேறு ஆட்களுடைய போன்களில், அந்த மாதிரிச் சத்தம் சில தடவை கேட்டிருக்கிறேன். ஏன் பிடிக்கிறது என்று விளக்குகிறவர்கள் நிறையப் பேர். ‘நன்றாக இருக்கிறது, அதான்’ என்று சொன்னவன் அவன் ஒருவன்தான்.

முட்டம் போய்ச் சேரும்போது கலங்கரை விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு வலைக்குவியலின் மேல் படுத்தேன். கடல் இடது காதில் மட்டும் இரைந்தது. வலது காதில் ஒரு கூவல், மிக மெல்லியது, நிற்காமல். அதை இறக்க என்னிடம் திருகு இல்லை.

காலையில் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். ஐஸ் அரைக்கிற மிஷினைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க உள்ளவன்லே? ஆரு அனுப்பினா?”

“ஒருத்தரும் அனுப்பல்ல. நானா வந்தேன்.”

“நானா வந்தேன்னு சொல்லுகவன் நாலு நாளுல நானா போறேன்னு போவான்.” துப்பினார். “மிஷின் சத்தம் பெருசு, பாத்துக்க. முன்ன நின்னவனுக்குக் காது போச்சு.”

“எனக்கு ஒண்ணு நேத்தே போச்சு.”

அவர் பிரஷை வாயில் வைத்துக்கொண்டே யோசித்தார். “அப்பம் பாதிச் சேதாரம் கழிஞ்சாச்சு. உள்ள வா.”

இரும்புக் கொக்கி ஒன்றும் காதுக்குப் பஞ்சும் தந்தார். பார் என்கிற ஓர் ஆள் உயர ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுத்துச் சரிவில் விட்டு, மிஷின் வாய்க்குள் தள்ள வேண்டும். கீழே தூளாகி மீன்பெட்டிகளில் விழும். பஞ்சை இடது காதுக்குக் கொண்டுபோனேன். பிறகு சட்டைப்பையில், டயாபிரத்தோடு போட்டுக்கொண்டேன். அவர் சுவிட்சைப் போட்டார். முதல் பார் உள்ளே போய் உடைந்தது.

கிரஷர் மாதிரிதான். ஆனால் அதற்குள்ளே, மேலே எங்கேயோ, இரும்பும் ஐஸும் உரசுகிற இடத்தில் ஒரு கூவல் இருந்தது. அது மிஷினுடையதா, என் வலது காதுடையதா என்று தெரியவில்லை. நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

மேஸ்திரி என் தோளில் தட்டினார். சந்தேகமாகப் பார்த்தார். வாயசைவில்தான் படித்தேன்.

“என்னலே கேட்டுட்டு நிக்க?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்பம் அடுத்த பாரத் தள்ளு.”

தள்ளினேன்.